செல்லி ரயிலில் ஏறவில்லை

மஹய்யாவ, கண்டி
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பேத்தி சிந்துஜாவுக்கு, அம்மாயி கஜலட்சுமி எழுதிக்கொள்வது.

முதலில் அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் பெயரை எழுதி வைக்கிறேன். பிறகு ஒருவரும் 'நான் பார்க்கவில்லை' என்று கழன்றுகொள்ளக் கூடாது. பெரஹெரத் திருவிழா முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சனசமூக நிலையம், காலை பத்து மணி, உங்கள் படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்க்கிற நாள். முன்னால் பாயில் பிள்ளைகள் முப்பத்தொரு பேர். அவர்களுக்குப் பின்னால் உன் அம்மா, உன் அப்பா ஜெயராஜ். மாப்பிள்ளை ஐந்தாவது நிமிடமே தூங்கிவிட்டார், அவருடைய கல்யாணத்திலும் அப்படித்தான். மூன்றாவது வரிசையில் ராஜரத்தினம் மாஸ்டர். 1998இல் என்னிடம் இரவல் வாங்கிய குடையை என் கண்ணுக்கு முன்னாலேயே மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கதவோரம் பக்கத்து வீட்டுச் சர்மிளா, கையில் போன். படம் போடும் மிஷினுக்குப் பக்கத்தில் தாடியோடு உன் டைரக்டர் நிரஞ்சன். அவருக்குப் பின்னால் நகம் கடித்துக்கொண்டு நீ. வத்தேகமயிலிருந்து என் சிநேகிதி ரபீகாவும் அவள் மகள் ஸுமைராவும். ரபீகா என் வலது பக்கத்தில் இருந்து என் மடியிலிருந்த, கடதாசியில் சுற்றிய கச்சான் கடலைச் சரையில் கைவிட்டுத் தின்றுகொண்டிருந்தாள். பிறகு நான்.

இத்தனை பேர் முன்னால் நீ என் செல்லியை ரயிலில் ஏற்றி அனுப்பினாய்.

'செல்லியின் ஏழு மழை' என்கிற புத்தகத்தின் கதை நீ பிறப்பதற்கு முன்பே எனக்குச் சொந்தம். ஒரு தேயிலைத் தோட்டத்து வாத்தியார் எழுதியது. எட்டு வயதில் தாயில்லாமல் தோட்டத்துக்கு வந்த பிள்ளை, ஏழு மழைக்காலத்தில் ஆளாகிற கதை. உனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் அதைத்தான் சொன்னேன். அதைக் கார்ட்டூனாக எடுக்கிறோம் என்று நீ வந்து சொன்னபோது பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். உடைத்த தேங்காயைத் திருப்பிக் கேட்க முடியாது என்பதால்தான் இந்தக் கடிதம்.

செல்லியின் கண் இரண்டும் சோற்றுக் கோப்பை அளவு. அந்தக் கண்ணோடு மலைக்குப் போனால் தோட்டத்துக் கொசு முழுவதும் அதற்குள்தான் விழும். கொழுந்து எடுக்கிறவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு ஒரு கையால் எடுக்கிறார்கள். எங்கள் காலத்தில் அப்படி எடுத்தால் கங்காணி பாடுவார். ஒருத்தியாவது இடுப்பில் படங்குச் சாக்கு கட்டவில்லை. ஏழு மழை பெய்கிறது, ஒரு அட்டைப்பூச்சி இல்லை! அவளுடைய நொண்டி ஆடு வெள்ளச்சி கண்ணடிக்கிறது. ஆடு வளர்த்தவள் நான். எந்த ஆடும் என்னைப் பார்த்துக் கண்ணடித்ததில்லை.

இதையெல்லாம் பொறுத்தேன். கடைசியைப் பொறுக்க முடியவில்லை. ரயில் வந்து நிற்கும். செல்லி ஒரு காலைத் தூக்கிப் படியில் வைப்பாள். மலையைத் திரும்பிப் பார்ப்பாள். டிக்கெட்டை இரண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டு, வெள்ளச்சியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே நடப்பாள். அதுதான் கதை. உன் செல்லி ஏறினாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள், கையும் ஆட்டினாள்.

அதனால்தான் எழும்பி, "ஏறாதடி! எறங்குடி செல்லி!" என்று கத்தினேன். பிள்ளைகள் முப்பத்தொரு பேரும் சேர்ந்து கத்தியதற்கு நான் பொறுப்பில்லை. உட்கார்ந்திருந்த கதிரையில் ஏறி நின்றது மட்டும் நான்.

படத்தைத் திருத்து. அதுவரை போன் எடுக்க மாட்டேன். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் உன்னால் முடியாது.

இப்படிக்கு,
கோபத்தில் இருக்கும் அம்மாயி


வெள்ளவத்தை
கொழும்பு
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அம்மாயி,

பதினேழு தடவை அழைத்துப் பார்த்தேன். நீங்கள் போனை அரிசி வாளிக்குள் போட்டு மூடியிருப்பதாக அம்மா சொன்னார். சரி, கடிதமே எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு கையால் ஒரு முழுப் பக்கம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

படங்கு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. எல்லோருக்கும் கட்டிவிடுகிறேன். இரண்டு கையாலும் எடுக்க வைக்கிறேன். அட்டைகள் இருந்தன, நான்தான் வரைந்தேன், பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று எடுத்துவிட்டார்கள். ஆட்டைக் கண்ணடிக்க வைத்தது நான் இல்லை, அது இன்னொருவர் வேலை. வெள்ளச்சியில் அந்த நொண்டி நடை மட்டும் என்னுடையது. ஒரு நிமிட நடைக்கு ஐந்து வாரம் வரைந்தேன். அதற்கு மாதிரி யார் தெரியுமா? முழங்கால் வலியோடு நீங்கள் கோயில் படி இறங்குவதைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். இதை எழுதியிருக்கக் கூடாது. பேனையால் எழுதியதை அழிக்கவும் முடியவில்லை.

இனி ரயில். அம்மாயி, புத்தகத்தில் செல்லி ஏறுகிறாள். நான்கு தடவை வாசித்துவிட்டேன். தூரத்து ஊரில் படித்து ஆசிரியையாக வருவதற்காக ஏறுகிறாள். நீங்கள் எனக்குச் சொன்னது வேறு என்று முதல் தடவை வாசித்தபோதே தெரியும். எனக்காக மாற்றிச் சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்களே அதை நம்புகிறீர்கள் என்று அன்றைக்குக் கதிரை மேல் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இப்போது நடந்திருப்பதைக் கேளுங்கள். நிரஞ்சன் அண்ணாவுக்கு உங்கள் மேல் கோபமே இல்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இந்த ரெண்டு வருசத்துல பிள்ளைகள் எழும்பி நிண்டு கத்தினத அண்டைக்குத்தான் பாத்தன், அம்மாயிட முடிவையே வைப்பம்" என்கிறார். செப்டம்பர் 22ஆம் திகதி திங்கட்கிழமை முடிவு செய்கிறார்கள். அந்த ரயில் காட்சி முழுவதும் நான் தனியாக வரைந்தது. எட்டு மாதம். அதை எடுத்துவிட்டால் இந்தப் படத்தில் என் கை இருக்கிற இடம் ஒரு ஆட்டின் கால் மட்டும்தான்.

நீங்கள் அவருக்கு ஒரு வரி எழுதினால் போதும். 'எனக்கு ஞாபகம் தப்பிவிட்டது' என்று. ஒரே ஒரு வரி, அம்மாயி.

அன்புடன்,
சிந்துஜா


மஹய்யாவ
27 ஆகஸ்ட் 2025

சிந்துஜாவுக்கு,

எனக்கா ஞாபகம் தப்பிவிட்டது?

உன் அம்மாவின் கல்யாணத்தில் யார் யார் இரண்டாவது தடவை பாயாசம் கேட்டார்கள் என்று சொல்லட்டுமா? 1981இல் தேத்தண்ணி கொடுக்காமல் என்னை வாசலோடு அனுப்பிய வீட்டின் கதவு நிறம் சொல்லட்டுமா? பச்சை. நீ மூன்று வயதில் என் கன்னத்தில் அடித்தாய், ஒரு வியாழக்கிழமை. என் முழங்காலைத் திருடி ஆட்டுக்குக் கொடுத்ததையும் இனி அதற்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

எனக்கு அந்தக் கதையை வாசித்துக் காட்டியது ரபீகா. 1972. ஹுன்னஸ்கிரியவில், நான் கொழுந்து எடுத்த தோட்டத்துக்குப் பக்கத்தில், அவள் வாப்பா ஜமால்தீன் நானாவின் கடை. எனக்குப் பதினாறு, அவளுக்குப் பதினேழு. அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். நான் இரண்டாம் வகுப்போடு நின்று தம்பியைத் தூக்கியவள், இப்படிக் கடிதம் எழுதப் பழகியதெல்லாம் பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை மலையில் வேலை இல்லை. கடைக்குப் பின்னால் செத்தல் மிளகாய் மூட்டை மேல் உட்கார்ந்து அவள் வாசிப்பாள், நான் கேட்பேன். பக்கம் திருப்பும் நேரமெல்லாம் இரண்டு பேரும் தும்முவோம். செல்லியின் அப்பா சாகிற இடத்தில் அழுதது மிளகாயாலா கதையாலா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது.

கடைசிக்கு வந்தபோது புத்தகத்தில் மூன்று தாள் இல்லை. "வாப்பா கிழிச்சுச் சீனி சுத்திட்டாரு புள்ள. பரவால்ல, நான் முந்தியே வாசிச்சிட்டேன்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு முடிவை மனப்பாடமாகச் சொன்னாள். நான் உனக்குச் சொன்னது அதிலிருந்து ஒரு சொல் பிசகாது.

அந்த மாதம்தான் எங்கள் வீட்டுக்கு, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற அரசாங்கக் கடதாசி வந்திருந்தது. இதை நான் உனக்குச் சொன்னதில்லை. உன் அம்மாவுக்கும் முழுதாகச் சொன்னதில்லை. கண்டி ஸ்டேசனில் அப்பா, அம்மா, தம்பி, தகரப் பெட்டி எல்லாம் ஏறியாகிவிட்டது. நான் ஒரு கால் படியில், ஒரு கால் கீழே. அப்போது செல்லி நினைவுக்கு வந்தாள். காலை எடுத்துவிட்டேன். "ஏறுடி, வண்டி எடுத்துருவான், ஏறுடி" என்று அம்மா ஜன்னலில் கையை நீட்டிக்கொண்டே போனார். வழியனுப்ப வந்த பாலம்மா அத்தையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை மஹய்யாவவுக்குக் கூட்டிவந்தார். அத்தை மகன் பொன்னையாவைக் கட்டிக்கொண்டு நாற்பது வருஷம் உன் தாத்தாவின் குறட்டையைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் செல்லிதான் காரணம்.

செல்லி ஏறியிருந்தால் நானும் ஏறியிருப்பேன். அப்போது உன் அம்மா இல்லை, நீ இல்லை, உன் ஆட்டின் காலும் இல்லை. இப்போது சொல், அவள் ஏறினாளா?

சந்தேகம் என்றால் ரபீகாவையே சாட்சிக்கு வை. அன்றைக்கு என் பக்கத்தில்தான் இருந்தாள். நான் சொன்னது தப்பென்றால் அவள் சொல்லியிருக்க மாட்டாளா?

நிரஞ்சன் தம்பி எனக்குப் போன் எடுத்தார். என்னுடையது அரிசிக்குள் இருப்பதால் சர்மிளாவின் போனில். "அம்மா" என்று கூப்பிட்டார். நல்ல பிள்ளை. தாடியைத்தான் எடுக்க வேண்டும்.

அம்மாயி


வெள்ளவத்தை
3 செப்டம்பர் 2025

அன்புள்ள அம்மாயி,

ஸ்டேசன் கதையை எனக்கு இருபத்தாறு வயதில் ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு நாள் என்னால் ஒன்றும் வரைய முடியவில்லை. ரயிலை வரையப் போனால் ஜன்னலில் ஒரு கை நீண்டுகொண்டே வருகிறது.

நான் வாதாடப் போவதில்லை. இத்துடன் கடைசி மூன்று தாளை அனுப்புகிறேன். கொழும்பில் ஒரு பழைய வாசிகசாலையில் இருந்த பிரதி. உங்களுக்காக எழுத்தைப் பெரிதாக்கிப் படியெடுத்திருக்கிறேன். சர்மிளா அக்காவை வாசித்துக் காட்டச் சொல்லாதீர்கள். அம்மாவையும் கேட்காதீர்கள். இந்தத் தடவை நீங்களே வாசியுங்கள்.

வாசித்த பிறகும் உங்கள் முடிவுதான் வேண்டும் என்றால் நிரஞ்சன் அண்ணா சொல்வதற்கு நான் சம்மதிக்கிறேன். டிக்கெட் கிழிக்கிற கையையும் நானே வரைந்து தருகிறேன். அழமாட்டேன் என்று மட்டும் சொல்ல முடியாது.

சிந்துஜா


மஹய்யாவ
7 செப்டம்பர் 2025

சிந்துஜாவுக்கு,

தாள் வந்தது. கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன். ஆறு பக்கம். ஒரு நாளுக்கு ஒரு பக்கம்தான் முடியும். வாத்தியார் பெரிய பெரிய சொல்லாகப் போட்டிருக்கிறார். நடுவில் கடிதம் எழுதி என்னைக் குழப்பாதே.

அம்மாயி


மஹய்யாவ
15 செப்டம்பர் 2025

அன்புள்ள பேத்தி சிந்துஜாவுக்கு,

ஏறுகிறாள்.

நான்காவது பக்கத்திலேயே காலைத் தூக்கி வைத்துவிட்டாள். ஐந்தாவது பக்கத்தில் எப்படியும் இறங்குவாள் என்று நினைத்து அன்றைக்குத் தூங்கினேன். இறங்கவில்லை. ஆறாவது பக்கத்தில் ரயில் சுரங்கத்துக்குள் போய்விட்டது. வெள்ளச்சியைப் பக்கத்து லயத்து வீட்டுக் கிழவியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதற்குக் கீழே வெறும் தாள். திருப்பியும் பார்த்தேன்.

ஒன்று சொல்கிறேன். அவள் கையை ஆட்டவில்லை. வாத்தியார் எழுதியபடி இரண்டு கையையும் மடியில் வைத்து, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான்கு தடவை வாசித்த நீ அதைக் கோட்டைவிட்டிருக்கிறாய். திருத்து.

நேற்று ஞாயிற்றுக்கிழமை தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வத்தேகம பஸ்ஸில் ஏறினேன். ரபீகா விறாந்தையில் இருந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுளகுக்கு மேலேயே மூன்று தாளையும் போட்டேன்.

"ஏன்டி ரபீகா, ஒங்க வாப்பா சீனி சுத்துன தாளு இந்தா வந்திருச்சு, பாரு" என்றேன்.

அவள் தாளைத் தொடவே இல்லை. கல்லைத்தான் பொறுக்கினாள்.

"வாப்பா பாவம், அவர் ஒண்டும் செய்யல்ல. நான்தான் கிழிச்சேன்" என்றாள்.

"எதுக்குடி?"

"ஒங்க வூட்டுக்குக் கடதாசி வந்தீந்திச்சே. அவ ஏறிட்டான்னு வாசிச்சா நீயும் ஏறிருவாய். பொறகு எனக்கிட்டப் பேச யாரு ஈக்கிற? மொளகா மூட்டயா?"

"எங்கம்மாவ அதுக்குப் பொறகு ஒரே ஒரு தடவதான் பாத்தேன், தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். எண்பத்தி நாலுல இந்தியாவுக்குப் போய்ப் பாத்தாய். திரும்பி வந்து வூட்டுக்கும் போகாம, பெட்டியோட எனக்கிட்டதான் வந்தாய். மூணு நாள் அழுதாய். அண்டைக்கே சொல்லப் பாத்தேன் புள்ள. நாக்கு எழும்பல்ல."

சுளகிலிருந்து தாளை எடுத்து மடித்துத் திரும்ப ஜாக்கெட்டுக்குள் வைத்தேன். எழும்பிப் போகப்போகிறேன் என்று பயந்து ரபீகா மகளைக் கூப்பிட்டாள். ஸுமைரா தேத்தண்ணி கொண்டுவந்தாள். வாயில் வைத்தால் சீனி இல்லை. "சீனி எங்க?" என்று கேட்டேன். ரபீகா உள்ளே பார்த்து, "மகள், கஜலட்சுமிக்குச் சீனி வேணுமாம், ஒரு தாளில சுத்திக் கொண்டு வாங்க" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். இரண்டு பேரும் சுளகு கவிழும் வரை சிரித்தோம். அரிசி விறாந்தை முழுவதும். பொறுக்கிய கல்லும் அதோடு சேர்ந்து போய்விட்டது. மாலை பஸ் வரும் வரை இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அதைக் கூட்டி அள்ளினோம்.

திரும்பி வரும்போது யோசித்தேன். அவள் இட்டுக்கட்டிய முடிவு வாத்தியார் எழுதியதைவிட நல்ல முடிவு. அதை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் இறங்கியதும் எனக்குச் சரி. இறங்கியிராவிட்டால் வேறு எங்கேயோ வேறு யாரிடமோ சண்டை பிடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் எனக்காக ஒருத்தி தாளைக் கிழித்தாள். இனி இன்னொரு பிள்ளையின் தாளை நான் கிழிக்க மாட்டேன். படத்தைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு ஆறு பக்கமும் கிடைக்க வேண்டும். உன் செல்லி ஏறட்டும். நீ கொழும்புக்கு ஏறியபோதும் நான் உன்னை இறங்கச் சொல்லவில்லை, கோபித்துக்கொண்டு நான்கு மாதம் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

நீ கேட்ட வரியை உன் டைரக்டருக்கு எழுதியிருக்கிறேன். இதைப் பிரித்து அவரிடம் கொடு:

"நிரஞ்சன் தம்பிக்கு, கஜலட்சுமி எழுதுவது. செல்லி ரயிலில் ஏறுகிறாள். என் கண்ணால் வாசித்தேன். என் பேத்தி வரைந்தபடியே இருக்கட்டும், கையை மட்டும் மடியில் வையுங்கள். எனக்கு ஞாபகம் தப்பவில்லை, எனக்குச் சொன்னதே வேறு. பிள்ளைகள் கத்தியது ரயிலைப் பார்த்து அல்ல, கதிரையில் நின்ற என்னைப் பார்த்து. எல்லா ஊருக்கும் படத்தோடு என்னை அனுப்ப முடியாது. ஆட்டைக் கண்ணடிக்க விட வேண்டாம்."

உனக்கு ஒரு வேலை. ரயில் போகும்போது பிளாட்பாரத்தில் சும்மா நிற்கிற கூட்டத்தில், ஓரமாக இரண்டு பெண் பிள்ளைகளை வரை. ஒருத்தி ஏறாதவள். மற்றவளின் விரல் நுனி சிவப்பாக இருக்கட்டும், மிளகாய் அள்ளிய கை. யார் என்று படத்தில் சொல்ல வேண்டாம். கண் இரண்டையும் சின்னதாக வை.

இப்போது என் மனதில் ஒன்றும் இல்லை. ராஜரத்தினம் மாஸ்டர் குடையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார், இரண்டு கம்பி உடைந்திருக்கிறது, மன்னித்தேன். தூங்கிய மாப்பிள்ளையை மன்னித்தேன். நிரஞ்சன் தம்பியைத் தாடியோடு மன்னித்தேன். ஏற்றி அனுப்பிய வாத்தியாரை மன்னித்தேன். முழங்காலைத் திருடிய உன்னை மன்னித்தேன், அந்த நடை அச்சாக என்னுடையதுதான். போனை அரிசியிலிருந்து எடுத்துச் சார்ஜில் போட்டிருக்கிறேன். இன்றைக்கு அழைக்கலாம். தாள் கிழித்த விஷயமும் போகட்டும், ஐம்பத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது.

ஆனால் அன்றைக்கு நான் கதிரை மேல் ஏறி நின்று, முப்பத்தொரு பிள்ளைகள் முன்னால், தொண்டை வற்ற வற்ற "எறங்குடி" என்று கத்தினேனே. அந்த மண்டபத்திலேயே உண்மை தெரிந்த ஒருத்தி என் பக்கத்தில்தான் இருந்தாள். என் சேலையை இழுத்து "ஒக்காரு புள்ள" என்று ஒரு சொல் சொல்லவில்லை. நான் எழும்பியதில் கீழே விழப்போன சரையைத் தாங்கிப் பிடித்து, தன் மடியில் வைத்து, என் கச்சானைக் கடைசிப் பருப்பு வரை தின்று முடித்தாள். அந்த ரபீகாவை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

அம்மாயி